நாற்பத்து மூன்றாவது டோக்கன்

இது நடந்தது. எனக்கே நடந்தது. பேய் என்று யாராவது ஆரம்பித்தால் சிரித்துக்கொண்டே எழுந்து போகிற ஆள் நான். யாரையும் நம்ப வைக்கிற ஆசையும் எனக்கு இல்லை, அதற்கெல்லாம் இப்போது உடம்பில் தெம்பு கிடையாது. ஆனால் இதில் வருகிற நேரமெல்லாம் சரியாக இருக்கும். வேலைக்குப் போகிற இடத்தில் எத்தனை மணிக்கு என்ன செய்தேன் என்று ஒரு சின்ன நோட்டில் குறித்து வைப்பேன். இருபத்து மூன்று வருஷப் பழக்கம். அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

என் பெயர் பீர் மைதீன். ஸ்ரீவில்லிபுத்தூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கடை இங்கே, வேலை பாதிக்கு மேல் ராஜபாளையத்தில். பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருகிறேன். வயது நாற்பத்தெட்டு. கழுத்து வலி, கண் எரிச்சல், தூக்கமின்மை, மூன்றும் தொழில் கொடுத்த சொத்து. ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் சோறு சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கட்டையைச் சாய்க்கலாம் என்று நினைத்தால், அன்றைக்குத்தான் ஊரில் உள்ள கம்ப்யூட்டரெல்லாம் படுக்கும்.

இதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். போன வருஷம் ஆவணி மாதம். ராத்திரி இல்லை, நல்ல வெயில் அடிக்கிற மதியம்.

ராஜபாளையத்தில் ஒரு டாக்டரின் கிளினிக். சுகர், பிரஷர், நெஞ்சு வலி எல்லாம் பார்ப்பார். கூட்டம் அள்ளும். முன்பெல்லாம் விடிவதற்குள் வந்து செருப்பையும் பையையும் வரிசையில் போட்டு இடம் பிடிப்பார்கள். அதில் தினமும் சண்டை. அதனால் எட்டு வருஷத்துக்கு முன்னால் மதுரையிலிருந்து ஒருத்தரைக் கூட்டிவந்து டோக்கன் சாஃப்ட்வேர் போட்டார்கள். காலை ஆறு மணிக்குப் பெயர் சொல்லிச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். முறை வந்ததும் டாக்டர் அறைக்கு மேலே இருக்கிற ஸ்பீக்கர் கூப்பிடும். 'டோக்கன் நம்பர் பதினெட்டு, உள்ளே வரவும்.'

அந்தக் குரல் பாண்டிசெல்வியுடையது. கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற பெண். ஒன்றிலிருந்து நூறு வரைக்கும் அவளே பேசிப் பதிந்து கொடுத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் பாடம் படிக்கிற மாதிரி இழுத்து இழுத்துப் பேசியிருப்பாள். வீட்டுக்காரன் திருப்பூருக்குப் போனவன் போனவன்தான். இரண்டு பெண் பிள்ளைகளை இந்த ஒரு வேலையை வைத்துத்தான் படிக்க வைக்கிறாள்.

ஆவணி பிறந்ததும் டாக்டர் புது சாஃப்ட்வேர் வாங்கினார். டி.வி.யில் நம்பர் வரும், மெஷின் குரல் கூப்பிடும். பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டது நான்தான். பழையதோடு வந்த தமிழ் ஃபான்ட், பிரிண்டர் அமைப்பு எல்லாவற்றையும் அன்றைக்கே அழித்தேன். சுத்தமாகப் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் நாளே செல்வி போன் பண்ணினாள்.

"பாய், பழசு இன்னும் கூப்பிடுது பாய். என் குரல்ல."

நாளைக்கு ஒரு தடவை. பதினொன்றே முக்காலுக்கு முன்னே பின்னே. புது சாஃப்ட்வேர் இருபத்தைந்தாவது நம்பரில் நிற்கும்போது, நடுவில் பழைய குரல் வரும். 'டோக்கன் நம்பர் நாற்பத்து மூன்று, உள்ளே வரவும்.' நாற்பத்து மூன்றாம் நம்பர் வைத்திருக்கிற ஆள் எழுந்து உள்ளே போவார். இருபத்தாறாம் நம்பர் சண்டைக்கு வருவார். குரல் செல்வியுடையது என்பதால், வேண்டிய ஆளை முன்னால் அனுப்புகிறாள் என்று ஊரே பேசியது. சனிக்கிழமை ஒருத்தர் டாக்டர் மேஜையையே தட்டிவிட்டார். திங்கட்கிழமையும் இது நடந்தால் செவ்வாய்க்கிழமை வர வேண்டாம் என்று டாக்டர் செல்வியிடம் சொல்லிவிட்டார். பதினோரு வருஷ வேலை.

தப்பு என்னுடையது. ஒழுங்காக எடுக்காமல் விட்டவன் நான். அதனால் ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையம் பஸ் ஏறினேன்.

மதியம் 1.20. செல்வி ஷட்டரைப் பாதி தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே போனோம். காலி ஹால். மூன்று மூன்று சீட்டாகச் சேர்த்த இரும்பு நாற்காலிகள், ஐந்து வரிசை. அந்த நாற்காலி எல்லாருக்கும் தெரியும். ஒரு ஓரத்தில் ஒருத்தர் உட்கார்ந்தால் மறு ஓரம் ஆடும். எதிரே டோக்கன் மேஜை. பக்கத்தில் டாக்டர் அறை, ஸ்பிரிங் வைத்த கதவு.

"சாப்பிட்டீங்களா பாய்?"

"ஆச்சும்மா. நீ உக்காரு. அரை மணி நேரத்துல முடிச்சிருவேன்."

அரை மணி நேரம் என்று நான் சொல்லாத வேலை கிடையாது.

1.35. பழைய சாஃப்ட்வேரின் ஃபோல்டர் ஒன்று உள்ளுக்குள் ஒளிந்து கிடந்ததைக் கண்டுபிடித்தேன். அதற்குள்ளே அந்த நூறு குரல் ஃபைல்கள். எல்லாவற்றையும் மொத்தமாகப் பிடித்து அழித்தேன். தொண்ணூற்று ஒன்பது போய்விட்டது. ஒன்று நின்றது.

நாற்பத்து மூன்று.

இந்த ஃபைல் வேறொரு இடத்தில் திறந்திருக்கிறது, மூடிவிட்டு மறுபடி முயலவும் என்று கம்ப்யூட்டர் சொன்னது. இது ஒன்றும் பெரிய விஷயமில்லை. தினமும் பத்துத் தடவை பார்க்கிற வாசகம். பின்னால் ஏதோ ஒரு புரோகிராம் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும், தேடிப்பிடித்து நிறுத்தினால் விட்டுவிடும். தேடினேன். எந்தப் புரோகிராமும் அதைப் பிடித்திருக்கவில்லை.

1.50. ரீஸ்டார்ட். அழித்தேன். போகவில்லை.

2.05. பெயரை மாற்றி அழித்தேன். போனது. அப்பாடா என்று நிமிர்ந்தேன். ஃபோல்டரை மூடித் திறந்தால் பழைய பெயரிலேயே இருந்தது.

எனக்குப் பயம் வரவில்லை. அலுப்புதான் வந்தது. எதற்கும் அடங்காத ஃபைலைப் பார்த்தால் பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சுப் பயலைப் பார்க்கிற வாத்தியார் மாதிரி ஆகிவிடுவேன். கோபம்கூட வராது. சரிடா, இன்னும் எவ்வளவு நேரம் என்றுதான் தோன்றும்.

2.25. சேஃப் மோடுக்குப் போனேன். அந்த நிலையில் கம்ப்யூட்டர் மிக அவசியமான வேலையை மட்டும் பார்க்கும், மற்றதெல்லாம் முடங்கிக் கிடக்கும். முக்கியமாக, சத்தம் வராது. பாட்டுப் போட்டாலும் வராது. சத்தத்துக்கான பகுதியே அப்போது ஓடாது.

செல்வி டீ வாங்கிவர வெளியே போனாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பக்கத்துக் கடை பூட்டியிருந்தது, கொஞ்சம் தள்ளித்தான் போக வேண்டும். நான் தனியாக இருந்தேன்.

2.38.

'டோக்கன் நம்பர் நாற்பத்து மூன்று... உள்ளே வரவும்.'

கையை மவுஸிலிருந்து எடுத்தேன்.

சேஃப் மோடில் சத்தம் வராது. எனக்குத் தெரியும். இருபத்து மூன்று வருஷத்தில் ஒரு தடவை வந்ததில்லை. ஏதாவது கோளாறாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கம்ப்யூட்டரின் பின்னால் குனிந்து ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினேன். மேஜைமேல் எனக்கு முன்னாலேயே சுருட்டி வைத்தேன்.

கழுத்து விண்விண் என்று தெறித்தது. தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய், முன்வரிசை நாற்காலியின் இந்த ஓரத்தில் உட்கார்ந்தேன். என் கனத்துக்கு நாற்காலி ஒருமுறை ஆடி நின்றது.

ஒரு வாய் குடித்தேன்.

மறு ஓரம் ஆடியது. க்ரீச்...

காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. ஆனால் என் பக்கம் லேசாக மேலே எழும்பியிருந்தது. அந்தப் பக்கம் ஒரு ஆள் கனம் உட்கார்ந்தால் எழும்புகிற அளவுக்கு.

மெதுவாக எழுந்தேன். மேஜைக்குப் போனேன். ஓடவில்லை. ஓடினால் நம்பிவிட்டதாக ஆகிவிடும்.

2.51. ஸ்பீக்கரில் முதலில் ஒரு இரைச்சல். பிறகு அதே குரல். ஆனால் பாடம் படிக்கிற குரல் இல்லை. சாதாரணமாக, பக்கத்தில் நின்று பேசுகிற குரல்.

'ஐயா... ஐயா, எந்திரிங்க... நம்பர் கூப்பிட்டாச்சு...'

பிடுங்கின ஒயர் சுருட்டியபடி எனக்கு முன்னால் மேஜைமேலேயே கிடந்தது.

ஷட்டர் பக்கம் சத்தம் கேட்டது. செல்வி. கையில் டீ பாட்டிலோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"அதை நீ எப்பம்மா பேசிப் பதிஞ்ச?"

"பதியல பாய்."

"உன் குரலு."

"என் குரலுதான். ஆனா மைக்குல பேசல." உட்கார்ந்துவிட்டாள். தரையில். "அந்த ஐயாகிட்ட பேசினது அது."

அதன்பிறகு அவள் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவள் அழுதுகொண்டே சொன்னாள். நான் பாட்டிலைத் திறந்து அவளுக்கே டீயை ஊற்றிக் கொடுத்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சேத்தூரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பெயர் ஐயாதுரை. அந்தப் பெயரே பிறகு அவர் போனைப் பார்த்துத்தான் தெரியும். காலை ஆறு மணிக்கு முதல் ஆளாக நிற்க நினைத்தவருக்கு, பஸ் பிந்தியதால் நாற்பத்து மூன்றாம் டோக்கன்தான் கிடைத்தது. முன்வரிசையில் உட்கார்ந்தார். பத்து மணிக்கு வந்து, "இன்னும் எம்புட்டு நேரம்மா ஆகும்?" என்று கேட்டார். நெற்றியெல்லாம் வேர்வை. செல்வி, "வரிசைதான்யா, உக்காருங்க" என்றாள். பத்தரைக்கு மறுபடி வந்து கேட்டார். அதற்கு முந்தின வாரம்தான் ஒருத்தரை முன்னால் விட்டதற்கு டாக்டர் அவளை ஏசியிருந்தார். "எல்லாரும் நோயாளிதான்யா" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

பதினொன்றே முக்காலுக்கு நாற்பத்து மூன்று வந்தது. ஸ்பீக்கர் மூன்று தடவை கூப்பிட்டது. அவர் எழுந்திருக்கவில்லை. செல்வி பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டாள். 'ஐயா, ஐயா, எந்திரிங்க, நம்பர் கூப்பிட்டாச்சு.' தலை சாய்ந்திருந்தது. காலையில் சீக்கிரம் எழுந்த அசதி, தூங்குகிறார் என்று நினைத்தாள். திரும்பி வந்து நாற்பத்து நாலைக் கூப்பிட்டாள்.

கிளினிக் பூட்டுகிற நேரத்தில், கூட்டுகிற அம்மாதான் பார்த்தது. இரண்டு மணி நேரமாக, அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில், அவர் செத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

"தொட்டப்பவே சில்லுன்னுதான் இருந்துச்சு பாய். ஃபேன் காத்துன்னு நினைச்சேன். இத யாருகிட்டயும் சொல்லல." மூக்கைத் துடைத்தாள். "அன்னையிலருந்து நாப்பத்தி மூணு நம்பரே நான் யாருக்கும் குடுக்கல. நாப்பத்தி ரெண்டுக்குப் பொறவு நாப்பத்தி நாலுதான். புதுசு வந்ததும் அதுவா நம்பர் போடுது. நான் என்ன செய்ய?"

எனக்கு அவளைத் திட்டத் தோன்றவில்லை. நானும் எத்தனையோ வீட்டில் வரிசைதான் என்று சொல்லிவிட்டு வந்தவன்தான்.

"அன்னைக்கு அவரு நம்பரை என்ன செஞ்ச?"

"தாண்டி விட்டுட்டேன். சிவப்பு பட்டன். அதை அமுக்கினா நம்பர் போயிராது பாய், கடைசில போய் நிக்கும். திரும்பக் கூப்பிட்டு உள்ள அனுப்பினாத்தான் போகும். அன்னைக்கு இருந்த இருப்புல அதை யாரு பார்த்தா? கம்ப்யூட்டரை அமத்திட்டோம்."

அப்போது எனக்குப் புரிந்துவிட்டது. இல்லை, புரிந்துவிட்டதாக நினைத்தேன். மூன்று வருஷமாக ஒரு டோக்கன் முடியாமல் நிற்கிறது. அது முடிகிறவரைக்கும் அந்தச் சாஃப்ட்வேர் அந்த ஃபைலை விடாது. நியாயமான காரணம். நாற்காலி ஆடியதை அந்தக் காரணத்துக்குள் சேர்க்க முடியவில்லை. சேர்க்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

3.40. ரீஸ்டார்ட் செய்தேன்.

நான் எதையும் திறக்கவில்லை. பழைய சாஃப்ட்வேர் தானாகத் திரையில் வந்து நின்றது. நான் என்றைக்கோ அழித்தது.

ஒரே ஒரு வரி. நம்பர் 43. பக்கத்தில் பெயர். ஆனால் பெயரைப் படிக்க முடியவில்லை. அதன் தமிழ் ஃபான்ட்டைத்தான் நான் முதலிலேயே எடுத்துவிட்டேனே... கோடும் புள்ளியும் இங்கிலீஷ் எழுத்துமாகக் கிடந்தது. கீழே இரண்டு பட்டன். சிவப்பு, பச்சை.

"பச்சைதானே உள்ளே அனுப்புறது?"

"ஆமா பாய்."

"நீயே அமுக்கு. சொல்லிட்டு அமுக்கு."

செல்வி எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். முன்வரிசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஐயா, உங்க நம்பர் வந்துருச்சு. உள்ள போங்கய்யா. என்னைய மன்னிச்சிருங்க."

பச்சையை அமுக்கினாள்.

3.52.

'டோக்கன் நம்பர் நாற்பத்து மூன்று... உள்ளே வரவும்.'

இருவரும் முன்வரிசை நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது ஆடும் என்று நினைத்தேன்.

ஆடவில்லை.

ஷட்டர் அதிர்ந்தது. வெளியிலிருந்து யாரோ குனிந்து நுழைந்தால் முதுகு பட்டு அதிர்கிற மாதிரி.

பிறகு காலடி.

டக்... டக்...

மெதுவாக. டைல்ஸ் தரையில் மெட்டி படுகிற சத்தம். செல்வி தன் காலைக் குனிந்து பார்த்தாள். அவள் நகரவே இல்லை.

டக்... டக்... எங்கள் மேஜையைத் தாண்டியது.

முன்வரிசைக்குப் பக்கத்தில் நின்றது.

இப்போதுதான் நாற்காலி ஆடியது. க்ரீச்... யாரோ எழுந்தார்கள்.

டாக்டர் அறைக் கதவு திறந்தது. அந்த ஸ்பிரிங் கதவு விட்ட கையோடு படாரென்று மூடிக்கொள்ளும். மூடவில்லை. திறந்தே நின்றது. ஒரு ஆள் போகிற நேரம்.

இன்னொரு ஆள் போகிற நேரம்.

படார்.

செல்வி என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. நோட்டில் அடுத்த நேரம் 4.05 என்று இருக்கிறது. நாற்பத்து மூன்றை மறுபடி அழித்தேன். போனது. எந்த ஃபைலையும் போல, ஒரு நொடியில், எந்தக் கேள்வியும் கேட்காமல் போனது. ரீஸ்டார்ட் செய்து மூன்று தடவை பார்த்தேன். ஃபோல்டரே இல்லை. டாக்டர் அறையையும் திறந்து பார்த்தேன். யாரும் இல்லை.

திங்கட்கிழமை பழைய குரல் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. செல்வியின் வேலை தப்பியது. டாக்டர் அவளிடம் மன்னிப்புக் கேட்காத குறையாகப் பேசினாராம். வியாழக்கிழமை எனக்குப் போன் பண்ணி, மூன்று வருஷத்துக்குப் பிறகு நேற்று ராத்திரிதான் விடிய விடியத் தூங்கினேன் என்று சொன்னாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பத்து நாள் கழித்து சேத்தூரில் ஒரு இ-சேவை மையத்தில் பிரிண்டர் வேலை. நான் பிரிண்டரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிப்போட ஒருத்தர் வந்தார். பெயர் வினோத், முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். மேஜையில் இரண்டு இறப்புச் சான்றிதழை வைத்தார். பழையதில் ஐயாதுரை என்று இருந்தது. நான் நிமிர்ந்தேன். ராஜபாளையத்தில் கிளினிக்கில் இறந்தவரா என்று கேட்டேன். ஆமாம், எங்கப்பாதான் என்றார்.

புதியதைப் பார்த்தேன். அழகுத்தாய். தேதி... அந்த ஞாயிற்றுக்கிழமை.

"அம்மாவா?"

"ஆமா அண்ணாச்சி. நல்லாத்தான் இருந்தாக. சாயங்காலம் நாலு மணி இருக்கும், நாலுக்குப் பத்து நிமிஷம் கொறையும். டீ குடிச்சுக்கிட்டு இருந்தவுக டம்ளரை வச்சுட்டு எந்திரிச்சு, வெளுத்து மடிச்சு வச்ச சேலையை எடுத்துக் கட்டிக்கிட்டாக, அப்பா போனப்ப கழட்டின மெட்டியையும் மாட்டிக்கிட்டாக. எங்க போறம்மான்னு கேட்டேன். நம்பரு கூப்பிட்டுட்டாக, உங்கப்பா எம்புட்டு நேரம்தான் உக்காந்திருப்பாரு, வாரேன்னாக. செருப்பை மாட்டப் போனவுக வாசல்லயே சாஞ்சிட்டாக."

நான் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தேன்.

"அப்பாவுக்கு... அன்னைக்கு என்ன உடம்புக்கு?"

"அப்பாவுக்கு ஒண்ணுமில்லயே. அம்மாவுக்குத்தான் நெஞ்சு வலி. கூட்டத்துல அவுகளால உக்கார முடியாதுன்னு, அப்பா விடியக்காலம் போய் அம்மா பேருல டோக்கன் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு. நம்பர் கிட்ட வந்ததும் போன் பண்ணுறேன், பஸ் ஏறி வந்திருன்னு சொல்லிட்டுப் போனாரு. அதுக்குள்ள அவரு போயிட்டாரு."

பிரிண்டரை மாட்டிக் கொடுத்துவிட்டு, கூலிகூட வாங்காமல் பஸ் ஏறினேன்.

செல்வி இப்போதும் மாதத்துக்கு ஒரு தடவை போன் பண்ணுவாள். பிள்ளைகள் படிப்பைச் சொல்லுவாள். பேச்சு முடிகிறபோது, "அந்த ஐயாவை நல்லபடியா அனுப்பி வச்சோம் பாய்" என்பாள்.

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன்.

அவள் தூங்கட்டும். அமுக்கச் சொன்னவன் நான்தான்.